நாலு பேர் வீட்டில் ஐந்து தட்டு

அய்யாதுரைக்குத் தி. நகரில் நகைக்கடை. தங்கத்தில் கால் குன்றிமணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கணக்குப்புலியின் மகள் தங்கபுஷ்பத்துக்குப் பதினோரு வயதாகியும் இரண்டாம் வாய்ப்பாடு வரவில்லை என்று அவருடைய மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

குரோமோசோம் ஒன்று கூடுதல் என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பிய பிள்ளை அவள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகக் கோபாலபுரத்தில் நாங்கள் நடத்திய சின்ன வகுப்பில் ஒரு வருடமாக என்னிடம் படித்தாள். வாய்ப்பாட்டை நான் தொடவே இல்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் என்று பேர் சொல்லிச் சொல்லி வைக்கப் பழக்கினேன். ஆறு பேர் வரைக்கும் பிசகாமல் வைப்பாள். அதைச் சொன்னால் அய்யாதுரைக்குச் சிரிப்பு.

"டம்ளர் களுவவா டீச்சர் உங்ககிட்ட அனுப்புதேன்?"

எழுபத்து மூன்று ஜூனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். "என் முன்னால ஒரு கணக்குப் போடட்டும். போட்டா படிக்கட்டும். இல்லேன்னா நிறுத்திப்போடுதேன்." நிறுத்தினால் அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது, பின்கட்டு அறைதான்.

கணக்கையும் அவரே கொடுத்தார். "ஏட்டி, வீட்டுல நாம நாலு பேரு. பலகாரத்துக்குத் தட்டு எடுத்து வை, பாப்போம்."

புஷ்பம் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக வைத்தாள். ஐந்து.

மனிதருக்கு என்ன சந்தோஷம்! "பாத்தியளா டீச்சர்? நாலு தெரியல. ஒரு வருசம் வீணு."

நான் எண்ணிப் பார்த்தேன். அவர், மனைவி இசக்கியம்மாள், மகன்கள் இரண்டு பேர், புஷ்பம். பையன்களுக்குப் பெண் கிடைக்காது என்று பயந்து, யார் கேட்டாலும் நாலு பேர் என்றே சொல்லி, அவளுக்கு அடுக்களையில் தனியாகச் சோறு போட்டுப் பழகிய வீடு அது. பொய் சொல்லிச் சொல்லி அவருக்கு எண்ணவே மறந்துபோயிருந்தது.

"பேர் சொல்லு புஷ்பம்" என்றேன்.

ஒவ்வொரு தட்டாகத் தொட்டாள். "அப்பா. அம்மா. பெரியண்ணன். சின்னண்ணன்." கடைசித் தட்டில் கையை வைத்து, "நான்" என்றாள்.

அய்யாதுரை அந்தத் தட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "உள்ள கொண்டு போ. அவ பொறவு திங்கட்டும்."

இசக்கியம்மாள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இவளும் இப்படித்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் திரும்பி வந்தபோது தட்டில் மூன்று இட்லி இருந்தது. எடுத்த இடத்திலேயே அதை வைத்து மகளை உட்காரவைத்தாள்.

"நாளைக்கும் அனுப்புதேன் டீச்சர்" என்றாள். "முடிஞ்சா இவுகளையும் சேத்துக்கிடுங்க."