டம்ளரில் மிஞ்சிய காப்பி

அம்மா இரண்டாம் முறை மயங்கி விழுந்ததும் ராணிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. இரண்டு முறையும் தம்பி பொண்டாட்டி மேனகா காப்பி கொடுத்த பிறகுதான். காப்பித் தோட்டத்தை அம்மா இன்னும் யார் பேருக்கும் எழுதவில்லை. வேறென்ன காரணம் வேண்டும்?

அம்மா கண்ணம்மாளுக்கு இருமல் என்று கேள்விப்பட்டு, வெள்ளக்கடையிலிருந்து கிளியூருக்கு ஓடிவந்து தங்கியிருந்தாள் ராணி. தம்பி பிரபாகர் அம்மாவை ஜீப்பில் ஏற்றும்போதே, டம்ளரில் மிஞ்சியிருந்த காப்பியை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டாள். டாக்டரிடம் தனியாகக் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஈசிஜி தாளை நெடுநேரம் பார்த்தார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"பிரஷருக்கு மட்டுந்தானுங்க," என்றாள் மேனகா.

பதில் இத்தனை சீக்கிரம் வருகிறதே என்று நினைத்தாள் ராணி.

"வேற எதுவுமே இல்லையா?"

"கேஸ் மாத்திரை திம்பாங்க. அதெல்லாம் மருந்துல சேத்தியாங்க? காலி அட்டைய பஸ் கண்டக்டர் நல்லமுத்தண்ணங்கிட்டக் குடுத்தா, சேலத்துல வாங்கியாந்துருவாருங்க. ஊரே அப்படித்தானுங்க."

"அதக் காட்டுங்க."

மேனகா மாமியாரின் துணிப்பையைக் கவிழ்த்தாள். கேஸ் மாத்திரை அட்டையோடு, கத்தரியால் வெட்டிய பாதி அட்டை ஒன்றும் விழுந்தது. டாக்டர் இரண்டையும் அருகருகே வைத்தார்.

"இந்தப் பாதி அட்டைய யாரு குடுத்தா?"

"எங்க ஊட்டுல வாங்குனதில்லீங்க," என்ற மேனகாவை டாக்டர் கூர்ந்து பார்த்தார். பிரபாகரும் பார்த்தான்.

ராணிக்கு அந்த அட்டை தெரியும். போன மழைக்குத் தனக்குத் தொண்டை கட்டியபோது வாங்கி, மீந்ததை வெட்டி அரிசி டப்பாவில் பத்திரப்படுத்தியது.

"தனித்தனியா ரெண்டும் நல்ல மருந்துதாம்மா. சேத்துச் சாப்பிட்டா சில பேருக்கு இதயத்துல ஓடற கரண்டு தடுமாறிரும். துடிப்பு தாறுமாறா ஓடி ஆளு மயங்கிருவாங்க. அடுத்த தடவ எந்திரிக்காமயே போயிரலாம். கடைசியா எப்பச் சாப்பிட்டாங்கன்னு எனக்கு இப்பத் தெரியணும்."

ராணி வாயை மூடிக்கொண்டால் பழி மேனகாவோடு நின்றுவிடும். கட்டிலில் அம்மா கண்மூடிக் கிடந்தாள்.

"நாந்தானுங்க குடுத்தேன்," என்றாள் ராணி. "இருமலுக்கு நல்லாக் கேக்கும்னு. தெனமும் காலையில காப்பியோட ஒண்ணு, இன்னைக்கும்."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்தார். சேலத்துக்கு ஆம்புலன்ஸ், வழியெல்லாம் இதயத் துடிப்பைப் பார்க்க மெஷின். பிரபாகர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே ஓடினான்.

"அண்ணி, நீங்க அத்தைகூட ஏறிக்கங்க. பைய நான் வெச்சுக்கறேன்," என்று மேனகா கைப்பையை வாங்கினாள். அடியில் ஈரம். திறந்து பாட்டிலை எடுத்தாள், பார்த்தாள்.

"காப்பிங்களா, அண்ணி?"

ராணி பாட்டிலை வாங்கக் கையை நீட்டினாள்.

"ஆறிப்போயிருக்குமே," என்றாள் மேனகா. "வேற வாங்கியாரட்டுங்களா?"

விவரம் புரிந்து கேட்கிறாளா, புரியாமலா? ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை ராணி அந்த முகத்தையே பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.