சர்வேயருக்கு ஒரு மூலை

1

இந்தக் கதை என் வீட்டு நாய்க்குட்டியால் வந்தது. மறைப்பானேன்? மயிலாடுதுறையில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, பின்னால் தோட்டம் சும்மா கிடக்கிறதே என்று என் கணவர் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். அது தோட்டத்தில் நாளெல்லாம் குதித்து விளையாடும். அவசரம் வந்தால் மட்டும் உள்ளே ஓடிவந்து, கூடத்தில் விரித்திருக்கும் பாயைத் தேடும். நான் அதைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுவேன். கீழே விட்டதும் மறுபடி பாய்தான். கீரை ஆய்ந்துகொண்டே இதைப் பார்த்திருந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதெல்லாம் ஒரு வீம்பாடி? சர்வேயரு காட்டுனான் பாரு, அதான் வீம்பு."

"யாரும்மா சர்வேயர்?"

அம்மா சொன்னாள். கீரை வாடிப்போயிற்று.

ஒரு பத்திரிகைக்குக் காதல் கதை தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். கதாநாயகிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். அவளை அப்படியே ரயில் நிலையத்தில் நிற்க வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஆசிரியர் கோபப்படுவாரென்று நினைக்கவில்லை. இதுவும் காதல் கதைதான். நாய் எங்கே வெளிக்குப் போகவேண்டும் என்பது பற்றிய காதல் கதை.

2

முதல் தொடக்கம்:

முடிகொண்டான் ஆற்றில் தைப்பனி படர்ந்திருந்த அன்று, மருதாணிச் சிவப்பு மாறாத கைகளால் நிலைக்கதவைப் பிடித்தபடி அம்சம் அந்த வீட்டுக்குள்

"நெலையுமில்ல, கதவுமில்ல. குனிஞ்சுதான் உள்ள போவணும்" என்றாள் அம்மா. எழுதியதை எல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அம்சம் என்பது அவள்தான்.

இரண்டாம் தொடக்கம்:

1971இல் வந்த சட்டத்தின்படி, பிறர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர்கள் தாங்கள் குடியிருக்கும் மனைக்கு

அம்மா கொட்டாவி விட்டாள். ஆனாலும் வாசகரே, உங்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் இருந்த குடிசைகள் எல்லாம் மிராசுதாரின் மண்ணில் நின்றன. கூலி கூடுதலாகக் கேட்டால், வேலைநிறுத்தத்தில் சேர்ந்தால், "கீத்தப் பிரிச்சுக்க" என்று ஒரு வார்த்தை வரும். குடிசையைக் காலி செய் என்று அர்த்தம். அந்த ஆண்டு சட்டம் வந்தது. சர்வேயர் சங்கிலியோடு வந்து அளந்தார். குடிசையும் அதன் பின்னால் ஒரு துண்டுக் கொல்லையும் கோவிந்தராசு என்கிற என் அப்பாவின் பெயருக்கு ஆயின. அடுத்த தையில் அம்மா கல்யாணமாகி வந்தாள். அவள் பிறந்த ஊரில் அப்போதும் அளக்க ஆள் வரவில்லை. அவளுடைய குடும்பத்திலேயே சொந்த மண்ணில் முதலில் கால் வைத்தவள் அவள்தான்.

(இதை எழுதும்போது எனக்கு முதுகு நிமிர்கிறது. கதாசிரியை நிமிரக்கூடாது என்று எங்கும் விதி இல்லையே.)

மூன்றாம் தொடக்கம்:

சர்வேயரின் பின்னாலேயே வந்த நாய், சர்வேயர் போன பிறகும் போகவில்லை.

"ம்" என்றாள் அம்மா. அப்படியானால் இதுதான் தொடக்கம்.

3

செம்பட்டை நாய். ஒரு காது மடிந்திருக்கும். அளந்த சங்கிலியை மோந்துகொண்டே எங்கள் கொல்லையைச் சுற்றிவந்ததால் தெருவே அதற்குச் சர்வேயர் என்று பெயர் வைத்துவிட்டது. அப்பா கஞ்சி ஊற்றினார். அது தங்கிவிட்டது.

கதையில் 'கோவிந்தராசு வந்தான், கோவிந்தராசு உட்கார்ந்தான்' என்றுதான் எழுதவேண்டும். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அப்பாவென்றே எழுதுகிறேன்.

கொல்லைக்கும் மிராசுதாரின் வயலுக்கும் நடுவே ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வரப்பு. ஒவ்வொரு நாள் காலையிலும் சர்வேயர் சோம்பல் முறிக்கும், வேலிச் சந்தில் நுழைந்து வெளியே போகும், வரப்பில் நடு இடமாகப் பார்த்து உட்காரும். கொல்லையில் எவ்வளவோ இடம் கிடந்தது. அங்கே ஒருமுறைகூட அது போனதில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். சம்பா நடவு முடிந்த ஒரு காலை வரை யாருக்கும் இது விஷயமாக இல்லை. அன்றைக்குத்தான் மிராசுதாரின் காரியக்காரர் ஐயாவு வேலியோரம் வந்து நின்றார். வயல், கூலி, வரவு எல்லாம் அவர் பொறுப்பு. மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார்.

"ஏ அம்சம். பட்டாவெல்லாம் வாங்கிட்டீங்க. நாய்க்கு மட்டும் இன்னும் எங்க வரப்புதான் வேணுமாக்கும்?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே ஒரு நாளு இங்க பாத்தேன், சோத்து உருண்டையில கலக்க வேண்டியதக் கலந்து வச்சிருவேன். அப்பறம் என்னைய சொல்லக்கூடாது."

சோற்று உருண்டையை நினைத்து அப்பா பதறினார். அம்மாவுக்கு நாயைப் பற்றிய பயம் பிறகுதான் வந்தது. முதலில் சுட்டது 'இன்னும் எங்க வரப்புதான்' என்ற பேச்சு.

[இந்த இடத்தில் இரண்டு வரி இருந்தது. பட்டா வருவதற்கு முன் எங்கள் தெருப் பெண்கள் விடிவதற்குள் எழுந்து எங்கே போய்வந்தார்கள், அப்போது யார் என்ன சொன்னார்கள் என்பது பற்றி. அம்மா எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். எடுத்த இடம் தெரியட்டும் என்று அடைப்புக்குறியை மட்டும் விட்டுவைக்கிறேன்.]

4

ஐயாவு விஷயத்தில் எனக்குத் தடுமாற்றம். முதலில் அவருக்குப் பெரிய மீசை வைத்தேன், கையில் ஒரு பிரம்பும் கொடுத்தேன். என் நாவல்களின் வில்லன்களுக்கு அது வாடிக்கையான உடுப்பு.

"மீசையா? அவரு மழமழன்னு செரச்சிருப்பாரு" என்றாள் அம்மா. "அவரு கோவத்துலயும் ஞாயம் இருந்துச்சுடி. மொதலாளி வந்த அன்னிக்கு இவரு வெள்ள வேட்டியோட வரப்புல முன்னாடி நடந்து போனாரு. நம்ம சர்வேயரு வச்சிருந்ததுல கால வச்சு அப்புடியே சேத்துல உக்காந்துட்டாரு. மொதலாளியே சிரிச்சுட்டாராம். மனுசனுக்கு எப்புடி இருக்கும்?"

"இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?"

"நீ மீசை வச்சுக்கிட்டு இருந்த. நடுவுல எதுக்குப் பேசணும்னு இருந்துட்டேன்."

பிரம்பைப் பிடுங்கிவிட்டேன். இந்தக் கதையில் வில்லன் கிடையாது. சோற்று உருண்டை மட்டும் உண்டு.

5

முயற்சிகள்.

கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் சர்வேயர் அடக்கிக்கொண்டு, ஊரே கேட்க அழுதது. அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "சொந்த எடத்துக்கு வந்தும் கட்டுலயே கெடக்கணுமா?" என்று அவிழ்த்துவிட்டாள். அது ஒரே ஓட்டமாக வரப்புக்குப் போயிற்று. நல்லவேளை, ஐயாவு அன்றைக்குத் திருவாரூர் போயிருந்தார்.

வேலியை அடைத்தார்கள். சர்வேயர் தெருவழியாகச் சுற்றிப் போயிற்று.

பக்கத்து வீட்டுக் காத்தாயி வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாளாம்: "பாவம், அதுக்குப் பழக்கமில்ல. மாமா, நீங்க வேணா ஒருதரம் உக்காந்து காட்டுங்களேன்."

அப்பா அப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் மும்முரமாக இருந்தார். சின்ன உரசலும் போலீஸ் ஸ்டேஷன் வரை போகிற காலம். "இத சங்கத்துல சொல்லுறேன். நாயக் கொல்லுவேன்னு மெரட்டுறது என்ன ஞாயம்?" என்று சட்டையை மாட்டினார்.

"நாயி வெளிக்குப் போறதுக்குக் கொடி புடிக்கப் போறீங்களா? சட்டயக் கழட்டுங்க. இத நம்ம கொல்லைக்குள்ளயே முடிக்கணும்" என்றாள் அம்மா.

பிறகு அப்பா ஒன்று செய்தார். சர்வேயர் வரப்புக்குப் போய்வந்த கையோடு, ஐயாவு வயலுக்கு வருவதற்குள், அவரும் போய், அது போட்டதை வாழை மட்டையில் ஏந்திக்கொண்டுவந்து கொல்லையில் தென்புறமாக வைத்தார். வாசனை பிடித்து நாய் அங்கேயே பழகிவிடும் என்று கணக்கு.

(என் நாவல்களில் கதாநாயகன் காரின் கதவைத் திறந்துவிடுவான், மல்லிகை வாங்கிவருவான். கொஞ்சம் துணிந்தால் வெளிநாட்டு வேலையை விட்டுவிடுவான். வாழை மட்டையில் அதை ஏந்திக்கொண்டு, காரியக்காரர் கண்ணில் படாமல் வரப்போரம் குனிந்து வருகிற இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு இவர்களில் ஒருவன்கூடப் பக்கத்தில் வரமாட்டான்.)

மறுநாள் பார்த்தால் வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி கொண்டுவந்தார். மறுபடி காணோம். பன்றி வருகிறதோ, காக்கை கொத்துகிறதோ என்று ஒரு நாள் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்.

வந்தது அம்மா. கையில் துடைப்பம்.

6

இங்கே ஒரு சண்டை. என் கற்பனைக்கு இதில் வேலையில்லை. அம்மா சொன்னபடியே தருகிறேன்.

"நீதானா அது? நான் காக்காய வைதுக்கிட்டு இருக்கேன்!"

"கண்ணுக்கு எதிர கெடந்தா எப்புடிங்க கை சும்மா இருக்கும்?"

"அது அங்க கெடக்கணும், அம்சம். அதுக்குத்தான் வச்சேன்."

"என் கொல்லையிலயா?"

அவளுடைய கொல்லையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மற்றவர்கள் வாசலை மட்டும் பெருக்கிச் சாணி தெளிப்பார்கள். அம்மா தினமும் விடியற்காலையில் வாசலில் ஆரம்பித்து, குடிசையைச் சுற்றி, கத்தரிப் பாத்தியைச் சுற்றி, வேலிக்கால் வரை பெருக்கி, அத்தனைக்கும் சாணி தெளிப்பாள். ஒரு சருகு கிடக்காது. அளந்து கொடுத்ததில் ஓர் அங்குலத்தைக்கூட அவள் கவனிக்காமல் விட்டதில்லை.

"ஒரு ஓரமா கெடந்தா என்ன குடிமுழுகிப் போவுது?" என்றார் அப்பா.

"ஓரமாவது, நடுவாவது? வேலி வரைக்கும் என் வீடுங்க. எல்லாமே வீடு. வீட்டுக்குள்ள எந்த நாயாவது"

அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்களில் அம்மாவுடையது இது ஒன்றுதான்.

இருவரும் சர்வேயரைப் பார்த்தார்கள். பெருக்கித் தெளித்த ஈரத்தரையில், வேலிக்கு அருகில், அது வீட்டுக்குள் படுத்திருப்பதுபோல் நிம்மதியாகப் படுத்திருந்தது.

"நல்ல வீட்டுப் புள்ள" என்றார் அப்பா மெல்ல.

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததாம். அப்பா துடைப்பத்தை வாங்கிக் கீழே வைத்தாராம். அதற்கு மேல் கேட்டதற்கு, "கீர கருகுது பாரு" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் கீரை எதுவும் இல்லை.

7

ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டுக்கொடுக்கவேண்டும். எந்த மூலை?

ஒன்றில் பூசணிக்கொடி. ஒன்றில் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த முருங்கைக் கிளை, அப்போதுதான் துளிர்த்திருந்தது. குடிசைக்குப் பின்னால் மறைவாக ஓர் இடம் உண்டு. அதைக் கொடுக்கலாம், யாருக்கும் தெரியாது என்றார் அப்பா.

அம்மா கொடுத்தது வரப்பைப் பார்த்த மூலையை. போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற இடம்.

"பாக்கட்டும். ஒளிச்சு வைக்க நாம என்ன திருடியா கொண்டாந்தோம்?"

சருகையும் கூளத்தையும் அங்கே கொட்டினாள். அப்பா கடைசியாக ஒரு மட்டை கொண்டுவந்து வைத்தார். மறுநாள் விடிந்ததும் அவள் வாசலிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்து, அந்த மூலைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றாள். கை துடித்தது. "பெத்த புள்ளைய அழுவ விட்டுட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றாள். துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள். அப்பா அடைத்த வேலியைத் திறந்துவிட்டார். அதுவும் அம்மாவின் கட்டளைதான். அடைத்து வைத்துப் போகவைத்தால் அது போனதாகாது என்றாள்.

அப்போது வரப்பில் ஐயாவு வந்தார். கையில் ஓர் இலைப் பொட்டலம்.

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: சர்வேயர் வரப்புக்குப் போகிறது, பொட்டலம் பிரிகிறது, அம்மா குறுக்கே பாய்கிறாள். கண்ணீர் வரும். என் வாசகிகளுக்குப் பிடிக்கும்.

இரண்டு: நாய் மூலையில் உட்காருகிறது, ஐயாவு பொட்டலத்தை வாய்க்காலில் எறிந்துவிட்டு மனம் மாறிக் கைகூப்புகிறார்.

"அவரு எதுக்குடி கும்புடணும்?" என்றாள் அம்மா. "அவரு கும்புடணும்னா நான் அங்க குந்தியிருந்தேன்?"

மூன்று: பொட்டலத்தில் இருந்தது அவருடைய காலை இட்லி.

"அது என்னன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. தெரியாதத எழுதாத."

ஆகவே நடந்ததில் அம்மா ஒப்புக்கொண்ட பகுதி மட்டும்.

ஐயாவு வேலியோரம் நின்றார். குப்பையோடு கிடந்த மூலையைப் பார்த்தார்.

"என்ன அம்சம், இன்னிக்கு இங்க பெருக்கலையா?"

முன்பெல்லாம் "ஐயா" என்றுதான் அழைப்பாள். அன்றைக்கு உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

"எங்க எடம்ண்ணே. பெருக்குனாலும் பெருக்குவோம், சும்மா போட்டாலும் போடுவோம்."

ஐயாவு நகரவில்லை. பொட்டலம் கையிலேயே இருந்தது.

சர்வேயர் எழுந்து சோம்பல் முறித்தது. திறந்திருந்த வேலிச் சந்து வரை போயிற்று. வரப்பைப் பார்த்தது. தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தது. நடந்து வந்து சருகை மோந்தது. ஒருமுறை சுற்றியது. இன்னொருமுறை சுற்றியது. முதுகை மெல்ல வளைத்து

"நிறுத்து" என்றாள் அம்மா.

"இன்னும் ஒரே வரிதாம்மா. படிக்கிறவங்க கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும். எங்க போறதுன்னு அதுவே பாத்துக்கிச்சு. அதுக்கு எடமும் இருக்கு, வழியும் தெறந்து கெடக்கு. நான் செய்ய வேண்டியத செஞ்சுட்டேன். அப்பறமும் ஊரக் கூட்டி எட்டிப் பாக்க வைக்கிறியே, அதுக்கு ஒரு மரியாத வேணாமா? நாங்கள்லாம் அன்னிக்கி என்ன செஞ்சோம் தெரியுமா? நானு, உங்கப்பா, ஐயாவு, மூணு பேருமே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டோம்."

நானும் திரும்பிக்கொள்கிறேன். வாசகரே, நீங்களும் கொஞ்சம்.