ஒன்பது சிவப்பு அட்டைகள்

வாட்டர்ஹூன் கடைசியாகக் கரையை விட்டு நகர்ந்து பதினான்கு மாதமாகிறது. ஆனாலும் கடற்படையின் பட்டியலில் அது பணியில் இருக்கும் கப்பல்தான். ஆறு போர்க்கப்பல்கள், நான்கு ரோந்துக் கப்பல்கள், இரண்டு துணைக்கப்பல்கள் என்று அமைச்சர் தொலைக்காட்சியில் சொல்லும்போது அந்த இரண்டில் ஒன்று இது. இன்னொன்று மீர்கூட். இரண்டுக்கும் நீர்க்கோழிகளின் பெயர். நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்கு எண்ணெயும் உருளைக்கிழங்கும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இரண்டையும் கட்டினார்கள்.

ரெய்ண்டர் போஸ்ட்மா வாட்டர்ஹூனின் எஞ்சின் அறைத் தலைவர். கப்பல் தண்ணீரில் இறங்கிய வருடமே அதில் ஏறியவர். அப்போது அவருக்கு முப்பத்தொன்று, இப்போது ஐம்பத்து மூன்று. திங்கட்கிழமை காலைதோறும் அவர் தனியாகக் கீழே இறங்குவார். இடப்பக்கத்து எண்ணெய் பம்பின் முன்னால் மண்டியிட்டு, அதன் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக் கால் சுற்று திருப்புவார். ஒரே நிலையில் விட்டுவிட்டால் தண்டு இறுகிப்போகும். திருப்பிய பிறகு துணியால் துடைப்பார். பம்பின் கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டையை நேராக்கி வைப்பார். அட்டையில் அவருடைய கையெழுத்தில் எழுதியிருக்கும்: உள்ளே அரிப்பு, இயக்கத் தகுதியற்றது.

அது பொய்.

முதலில் வந்தவை மஞ்சள் அட்டைகள். கடலுக்குப் புறப்படும் கப்பலில் ஒரு பாகம் இல்லையென்றால், புறப்படாத கப்பலிலிருந்து கழற்றிக் கொடுக்க வேண்டும். கழற்றிய இடத்தில் மஞ்சள் அட்டை கட்ட வேண்டும். எது போனது, எந்தக் கப்பலுக்கு, எப்போது திரும்பும் என்பதை அதில் எழுத வேண்டும். கிடங்கில் புதிய பாகங்கள் வாங்கி வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். முதல் தடவை ஒரு ஜெனரேட்டரைக் கேட்டார்கள், மூன்று வாரத்துக்கு. ரெய்ண்டர் தானே முன்நின்று இறக்கிக் கொடுத்தார். திரும்பும் நாளையும் அட்டையில் எழுதினார். அந்த நாள் போய், அதற்கடுத்த வருடம் அதே நாளும் போயிற்று. பிறகு குளிர்விப்பான். பிறகு சமையலறையின் பெரிய அடுப்பு. அதன் மஞ்சள் அட்டையைச் சமையல்காரர் நிக்கோ தஹாபாரி சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

பழுதானதை யாரும் கேட்பதில்லை. ஒரு பம்பைத் திறந்து உள்ளே பார்க்க மூன்று நாள் வேலை இருக்கிறது. கரையில் யாரிடமும் மூன்று நாள் இல்லை. ஆகவே அந்தத் துறைமேடையில் இருந்த ஒவ்வொரு எஞ்சின் அறைத் தலைவரும் நல்ல பாகம் ஒன்றிரண்டின் கழுத்தில் சிவப்பு அட்டை கட்டியிருந்தார். எஞ்சின் அறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ரெய்ண்டர் ஐந்து கட்டினார். நிஜமாகவே பழுதானவை நான்கு. கரை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் ஒன்பது.

புதன்கிழமை மதியம் கடற்படை முழுக்கச் சோறுதான். கப்பல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சோறு, நிலக்கடலைக் குழம்பு, பொரித்த முட்டை. மிச்சமிருந்த இரண்டே அடுப்புத் தட்டில் நிக்கோ பதினெட்டு பேருக்குச் சமைத்திருந்தார். கேப்டன் மார்லோஸ் ஃபென்னமா வழக்கமாகத் தட்டோடு வந்து வரிசையில் நிற்பவர். அன்று ஒரு தாளோடு வந்தார்.

"முதல்ல சாப்பிடுங்க கேப்டன். தாள் ஆறாது, சோறு ஆறிடும்," என்றார் நிக்கோ.

"சொல்லிட்டுச் சாப்பிடறேன் நிக்கோ." உட்காராமலே சொன்னார். "ரெண்டு துணைக்கப்பல்ல ஒண்ணத்தான் பழுது பார்க்கப் போறாங்களாம். மீர்கூட்ட எடுத்துக்கிட்டாங்க. நாம பட்டியல்லேர்ந்து போறோம். டிசம்பர்ல உடைக்க இழுத்துட்டுப் போவாங்க."

நிக்கோ அடுப்பை அணைத்தார்.

"எதை வச்சு முடிவு பண்ணாங்க?" என்று ரெய்ண்டர் கேட்டார்.

"சிவப்பு அட்டைய எண்ணித்தான் சீஃப். எட்டுக்கு மேல போனா பழுது பார்க்க லாயக்கில்லையாம். மீர்கூட்ல ஏழு. நம்மகிட்ட ஒன்பது."

நிக்கோ ரெய்ண்டரைப் பார்த்தார். அந்த ஐந்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ரெய்ண்டர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டையின் மஞ்சள்கரு உடைந்து சோற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சாப்பிடவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை.

கேப்டனின் அறையில் ரெய்ண்டர் ஐந்து அட்டைகள் பொய் என்று சொன்னபோது மார்லோஸ் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். வெளியே கடற்காகங்கள் கத்திக்கொண்டிருந்தன.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சீஃப்."

"சொல்லியிருந்தா நீங்களும் பொய் சொல்ல வேண்டியிருக்கும்."

"அந்த அறிக்கையத்தான் கூட்டத்துல கையில வச்சிருந்தேன். என்னால எதுவும் பேச முடியல. அதுல உங்க கையெழுத்து இருந்துச்சு, அதனால நம்பினேன்."

கேப்டன் திட்டியிருந்தால் ரெய்ண்டர் தாங்கியிருப்பார்.

"வேலை போகும், தெரியுமில்ல? ஓய்வூதியத்துலயும் கை வைப்பாங்க."

"தெரியும். நாலுதான்னு சொல்லிடறேன். மீர்கூட்டோட ஏழவிட நம்ம நாலு குறைச்சல்தானே. கப்பலாவது இருக்கட்டும்."

இருவரும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கரை அலுவலகத்துக்கு நடந்தார்கள். அங்கே பராமரிப்புக்குப் பொறுப்பு வான் எல்க். இளைத்த மனிதர், பழைய எஞ்சின் அறைக்காரர். ரெய்ண்டர் நின்றபடியே ஐந்து பாகங்களையும் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டார். தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளையும் சொன்னார். வான் எல்க் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போஸ்ட்மா, செவ்வாய்க்கிழமையே கையெழுத்தாயிடுச்சு. மேல போயி, அமைச்சர் வரைக்கும் போயாச்சு. இனி யாரும் திருப்ப மாட்டாங்க."

"எண்ணிக்கையே தப்புன்னு சொல்றேன்."

"எல்லாரோட எண்ணிக்கையும் தப்புதான். மீர்கூட்ல ஏழுன்னு இருக்கே, அதுல நிஜம் எத்தனைன்னு நினைக்கிறீங்க? நான் கப்பல்ல இருந்தப்போ மூணு கட்டியிருந்தேன்." சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "நீங்க அஞ்சு கட்டினீங்க. கொஞ்சம் அதிகம்."

"அப்போ விசாரணை?" என்று மார்லோஸ் கேட்டார்.

"எதுக்கு? இல்லாமப் போற கப்பலுக்கு விசாரணை எதுக்கு?" அவர் கணினிப் பக்கம் திரும்பினார். விரல்கள் சட்டென்று சுறுசுறுப்பாயின. "அப்படின்னா அந்த இடப்பக்கத்து எண்ணெய் பம்ப் நல்லாத்தான் இருக்கு?"

ரெய்ண்டருக்கு முதலில் புரியவில்லை.

"மீர்கூட் ஆறு வாரமா அந்த பம்ப்புக்காக நிக்குது," என்றார் வான் எல்க். "நல்ல வேளை, சொன்னீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கழற்றிக் கொடுத்துடுங்க. மத்த நாலும் அடுத்த வாரம். நீங்களே கழற்றினா அடிபடாம வரும், இல்லையா?"

திரும்பி வந்து கப்பல் படியில் ஏறும்போது மார்லோஸ் ரெய்ண்டரின் தோளைத் தொட்டார்.

வெள்ளிக்கிழமை ரெய்ண்டர் பம்பைக் கழற்றினார். எட்டு மரையாணிகளும் முரண்டு பிடிக்காமல் வந்தன. வராமல் என்ன செய்யும், வாரந்தோறும் எண்ணெய் விட்டவர் அவர்தான். குழாய் கழன்ற வாயில் விளக்கைப் பிடித்து ஒருமுறை உள்ளே பார்த்தார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் போல மின்னியது. மீர்கூட்டிலிருந்து வந்த இரண்டு பேர் அதைச் சங்கிலியில் கட்டித் தூக்கினார்கள். அவர்களில் ஒருவன் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி சுத்துது சீஃப். இதையா பழுதுன்னு எழுதினீங்க?" என்றான். அவன் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே வியந்துதான் கேட்டான்.

அவர்கள் போன பிறகு ரெய்ண்டர் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். இடப்பக்க எண்ணெய் பம்ப். மீர்கூட்டுக்கு. தேதி. திரும்பும் நாள் என்று அச்சிட்ட இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கினார். பிறகு அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, வெறும் நான்கு கால்களாக நின்ற பம்பின் மேடையில் அட்டையைக் கட்டினார். சிவப்பு அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நிக்கோ காபியோடு கீழே வந்தபோது ரெய்ண்டர் அந்த ஐந்தில் இன்னொன்றான இழுவைப் பொறியின் மோட்டார் முன்னால் மண்டியிட்டிருந்தார். இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இதுவும் வியாழக்கிழமை போகுதுன்னு சொன்னியே?"

"போகுது."

"அப்புறம் யாருக்காகடா சுத்துற? உடைக்கிறவனுக்கா?"

ரெய்ண்டர் கால் சுற்று முடித்து, துணியை எடுத்துத் துடைத்தார்.

"இறுகிப்போனத அனுப்பினேன்னு பேரு வாங்கணுமா?"

நிக்கோ கோப்பையைத் தரையில் வைத்தார். வெளியே மீர்கூட் சோதனை ஓட்டத்துக்காகத் துறைமேடையை விட்டுக் கிளம்பும் சங்கொலி கேட்டது. அந்த பம்பின் சத்தம் இவ்வளவு தூரம் வராது என்று ரெய்ண்டருக்குத் தெரியும். இருந்தாலும் கையில் துணியோடு கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு மிச்சமிருந்த மூன்றையும் திருப்பப் போனார்.