நூற்று ஐம்பத்து மூன்று கிலோ ஜாம்

பாக்கியலட்சுமி 2016 தீபாவளிக்குக் கொடுத்த முந்நூறு கிராம் அன்னாசி ஜாம் பாட்டில், எட்டு வருடம் கழித்து சிங்கப்பூரில் தோ பாயோவில் அவர் வீட்டுக்கே பரிசாகத் திரும்பி வந்தபோது நூற்று ஐம்பத்து மூன்று கிலோ அறுநூறு கிராம் இருந்தது. கொண்டுவந்தவன் அவருடைய அண்ணன் மகன் கபிலன். சாங்கியில் விமானச் சரக்கு வேலை. காலையில் அங்குள்ள தராசில் நிறுத்தபோது எழுபத்தாறு கிலோ எண்ணூறு கிராம்தான் காட்டியது. வாசலில் நின்று, "மாமாவோட அறுபதாவது பொறந்தநாளுக்குன்னு தேடித் தேடி வாங்கினேன் அத்தை" என்று அவன் சொன்ன நொடியில் அது இரட்டிப்பானது. தள்ளுவண்டியின் சக்கரம் கோணிக்கொண்டது. நான்கு பேர் சேர்ந்து சமையலறையில் இறக்கி வைத்தார்கள். இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டன.

கபிலனுக்கு அதைக் கொடுத்தவர் அவனுடைய மேலாளர் அப்துல் கையூம். இவ்வளவு கனமான பரிசு கிடைக்கிறதென்றால் தன்மேல் அவருக்குப் பெரிய மரியாதை என்று கபிலன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு முன்னால் அதைக் கைமாற்றியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் பெயர் மறையும்படி தன் வாழ்த்து ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். விருந்தாளிகள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பாக்கியலட்சுமி தரையில் உட்கார்ந்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாக உரித்தார். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, ஒரு குழந்தை பிறந்த வாழ்த்து. மொத்தம் ஒன்பது. பத்தாவதாக வந்தது அவருடைய கையெழுத்து. மூடி ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.

மூடியைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஜாமைச் சூடாக ஊற்றி, மறுபடி கொதிநீரில் வைத்து ஆறவிட்டால் மூடி டப்பென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இருபது வருடத்தில் ஒரு பாட்டிலிலும் பூஞ்சை வந்ததில்லை. ருசி எப்படி என்பதுதான் தெரியாது. சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதற்கு அடுத்த வருடம்தான் ஜாம் போட ஆரம்பித்தார். இதுவரை நாக்கில் வைத்ததில்லை. வருடத்துக்கு நாற்பது பாட்டில், நாற்பது வீடு. எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். கணவர் சேதுபதியும் அதையே சொல்லிவிட்டு ரொட்டியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த காயா தடவிக்கொள்வார். இந்தத் தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பால்கனியில் இருபது அன்னாசிகள் காத்திருந்தன. தன் ஜாமை ஒரு ஆளாவது தின்றதாகத் தெரியாவிட்டால் இனி அடுப்பில் ஏற்றுவதில்லை என்று பாக்கியலட்சுமி முடிவுசெய்தார்.

சேதுபதி முதலில் பழைய சாமான் எடுத்துப்போகிறவர்களுக்குப் போன் போட்டார். என்ன பொருள் என்றார்கள். ஜாம் என்றார். எவ்வளவு பெரிசு என்றார்கள். உள்ளங்கை அளவு என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

கபிலனால் அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அத்தை, நான் வாங்கலை. கையூம் சார் குடுத்தாரு. எங்க வீட்ல யாரும் ஜாம் தொட மாட்டோம், அதான் இங்க தள்ளிவிட்டுட்டேன்." அவன் சொல்லி முடித்ததும் டைல்ஸ் கிரக்கென்றது. பாட்டிலின் கனம் பாதியாகியிருந்தது.

அதன்பிறகு வேலை எளிது. உரித்த ஸ்டிக்கர்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் அவருக்கு முந்தையவர் எண்ணை வாங்கி, பாக்கியலட்சுமி போன் போட்டார். கையூம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். உட்லண்ட்ஸிலிருந்து அழகப்பன் என்பவர், பாட்டிலை இரண்டு தடவை எல்லை தாண்டி மலேசியாவில் ஜொகூருக்குக் கொண்டுபோயும் அங்கே யாரும் வாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். மாசிலாமணி என்பவர் போன வருடம் காலமாகிவிட்டார். அவர் சார்பில் மனைவி ஒப்புக்கொண்டார். அதுவும் செல்லுபடியானது. ஒவ்வொரு போனுக்கும் சேதுபதி குனிந்து தூக்கிப் பார்த்து, "இன்னும் இல்ல" என்றார். நான்காவது போனுக்குத் தூக்கிவிட்டார். ஏழாவது முடிந்ததும் பாக்கியலட்சுமி பாட்டிலை ஒரு கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஷமீமா, உன் ஸ்டிக்கர்தான் அடியில இருந்துச்சு."

"அக்கா..."

"சண்டைக்கு வரலை. என் ஜாம் எப்படி இருக்கு? அதை மட்டும் சொல்லு."

"மொத வருஷம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன். அப்புறம் ஆபீஸ்ல, நாத்தனார் வீட்லன்னு யாருக்காச்சும் குடுத்துருவேன்லா." பாட்டில் முந்நூறு கிராமுக்கு வந்து நின்றது. "பெருங்காயம்க்கா. ஜாம்ல யாராச்சும் பெருங்காயம் போடுவாங்களா?"

"வாயுவுக்கு நல்லது."

"வாயுவுக்கு நல்லதுதான். வாய்க்கு?"

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?"

"பெருநாளுக்கு நான் குடுக்குற பலகாரத்தை நீங்க ஆஹா ஓஹோன்னு சொல்றீங்க. நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

ஷமீமாவின் பலகாரம் வருடாவருடம் நேராகக் கபிலன் வீட்டுக்குப் போய்விடுகிறது. பாக்கியலட்சுமி அதைச் சொன்னார். அதே சமயத்தில், கபிலன் வீட்டில் இரண்டு வருடமாக வளைந்து கிடந்த அலமாரித் தட்டு நிமிர்ந்தது. ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு ஸ்பூனும் க்ரீம் கிராக்கர் பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்துவந்தார்.

மூடி டப்பென்று திறந்தது. முதல் ஸ்பூனை பாக்கியலட்சுமிதான் எடுத்தார். அன்னாசி வந்தது, அதன் பின்னால் மிளகு வந்தது, கடைசியில் பெருங்காயம் வந்து போகாமல் நின்றது. தூக்கல்தான். ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு ஸ்பூன் எடுத்தார். மறுநாள் காலை சர்க்கரை ஏறிப்போய்ப் பன்னிரண்டு புள்ளி நாலு காட்டியது. மருந்தைப் போட்டுக்கொண்டு அன்னாசிகளைச் சீவ உட்கார்ந்தார். பெருங்காயத்தைக் குறைக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு லேபிளில் பெருங்காயம் உண்டு என்று எழுதி, வீடு வீடாகப் போய், வேணுமா வேண்டாமா என்று கேட்டார். இருபத்தொன்பது வீடுகளில் வேண்டாம் என்றார்கள். இருபது வருடம் நல்லா இருக்கு என்றவர்கள் அவர்கள். அவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பதினோரு வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். அழகப்பன் போனில் கேட்டு ஒன்று வாங்கிப்போனார்.

ஜனவரியில் அவர் உட்லண்ட்ஸிலிருந்து பஸ் ஏறி வந்து, சட்டைப் பையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி வாசலில் நின்றார். பையிலிருந்த பாட்டிலைக் கவனமாக எடுத்துக் கொடுத்தார். சுரண்டிச் சாப்பிட்ட ஸ்பூன் கோடுகள் கண்ணாடியில் தெரிந்தன.

"இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார்.

பாக்கியலட்சுமி கையை விரித்தபோது காலி பாட்டில் உள்ளங்கையிலிருந்து அரை அங்குலம் எழும்பியது. அதை விரலால் பிடித்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கழுவ எடுத்துப்போனார்.