ஆள்

பெண்ணுரிமைக் கூட்டத்தில் பேச வந்த சிறப்பு விருந்தினர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே திரிசங்கு சொர்க்கம். கம்பெனி அனுப்பிய மெக்கானிக் மூச்சு வாங்கப் படியேறி வந்து, சாவி போட்டு வெளிக்கதவை ஒரு சாண் திறந்தாள். உள்ளேயிருந்து அவர் அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்மா, ஆள் யாரும் வரலையா?”

“நான்தான் சார் வந்திருக்கேன்.”

“அது சரிம்மா. லிஃப்டைச் சரிபண்ண ஆள்?”

அவளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. வேலையை முடித்துக் கையைத் துடைக்கும்போதுகூடச் சிலர் கேட்டிருக்கிறார்கள். கோபமெல்லாம் எப்போதோ தேய்ந்துபோயிற்று.

“சரி சார், ஆளை வரச்சொல்றேன்” என்று கதவைச் சாத்தினாள். படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீயை ஆற அமரக் குடித்தாள். மேல்மாடி அரங்கில், விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார் என்று மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மோட்டார் அறைக்குப் போய்ப் பழுதைச் சரிசெய்து, லிஃப்டை நான்காம் மாடிக்குக் கொண்டுவந்து, இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

விருந்தினர் சட்டையை நீவிக்கொண்டு, அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

“அதுக்குள்ள போயிட்டாரா? கெட்டிக்கார ஆளு! நான் நன்றி சொன்னேன்னு சொல்லிடும்மா.”

“சொல்லிடறேன் சார்” என்றாள் மெக்கானிக்.