பேரம் பேசாத பேட்டி

எங்கள் கடையில் உண்மையின் விலை, சொன்னதில் சரிபாதி.

திரைச்சீலைத் துணி மீட்டர் நானூறு என்பார் அப்பா. வந்தவர் சிரிக்க வேண்டும், இல்லை நெஞ்சில் கை வைக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் வாசலையாவது பார்க்க வேண்டும். பிறகு இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இருநூறில் சந்தித்துக்கொள்வார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பேச்சை எங்கிருந்தாவது தொடங்க வேண்டும், நாங்கள் மாடியிலிருந்து தொடங்குவோம், அவ்வளவுதான். வீட்டிலும் இதே நடைமுறை. தலைவலி உயிர் போகிறது என்றால் அம்மா அரை மாத்திரை கொடுப்பார். சரியாகிவிடும்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் என் அண்ணன் எழுத்தாளர் ஆனார். ஒரு கதைத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன் பிரதிகளில் பெரும்பகுதி பின்னறையில் லைனிங் துணிக்கட்டுகளுக்கு அடியில் அடுக்கப்பட்டு, தரை ஈரம் துணியில் ஏறாமல் இன்றுவரை காத்து வருகிறது. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களை நான் அந்த அறைக்கு அழைத்துப் போவேன்.

கடைச் சாவி அண்ணனிடம் இருந்தது. அப்பா ஓய்வெடுக்கப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்த நேரம். சாவி யாரிடமோ, நாளைக்குக் கல்லா அவரிடம். நான் இளையவன், வாடிக்கையாளர் வீடுகளில் ஏணி ஏறிக் கம்பி பொருத்துகிறவன். எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அதையும் பாதியாக்கிக்கொள்ளலாம்.

அப்போதுதான் ஒரு மாதப் பத்திரிகையிலிருந்து பேட்டி கேட்டு ஒரு பெண் வந்தாள். எழுத்தாளர்களிடம் வாழ்க்கை, வேலை, லட்சியம் என்று சொந்த விஷயங்களைக் கேட்டுப் போடும் பகுதியாம். கட்டில் விரிப்புகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் சலவைச் சட்டையில் இருந்தார். அப்பா சாப்பிடப் போயிருந்தார். நான் ஒரு துணியை மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தேன்.

"சார், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் எழுதுவீங்க?"

"நாலு மணி நேரம்."

சொல்லிவிட்டு அண்ணன் காத்திருந்தார். விலை சொன்ன பிறகு எங்கள் ஆட்கள் விடும் இடைவெளி அது. எதிராளி 'என்னங்க இது அநியாயமா இருக்கு' என்று ஆரம்பிக்க வேண்டிய இடம். அந்தப் பெண்ணோ தலையாட்டிவிட்டு நாலு என்று எழுதிக்கொண்டாள். போனில் விலை பார்த்து, போனில் பணம் கட்டி, வாசலுக்கு வரும் பெட்டியை வாங்கிப் பழகிய தலைமுறை. குறைத்துக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

சொன்ன விலைக்கு உடனே தலையாட்டும் வாடிக்கையாளரைப் போல ஒரு வியாபாரியைக் கலங்கடிப்பவர் கிடையாது. இன்னும் கூட்டிச் சொல்லியிருக்கலாமோ என்று அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது. அண்ணன் முகத்தில் அந்தக் கலக்கத்தைப் பார்த்தேன்.

"இதுவரைக்கும் எவ்வளவு புத்தகம் படிச்சிருப்பீங்க?"

"ஐயாயிரம் இருக்கும்."

நான் இருமினேன். எங்கள் கடையில் இருமினால் 'போதும், இறங்கு' என்று அர்த்தம். அந்தப் பெண் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க முதல் வாசகர் யாரு சார்?"

"என் மனைவிதான். அவ ஒரு வரியைப் பார்த்து முகம் சுளிச்சா, நான் அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போட்டுடுவேன்."

அண்ணி முகம் சுளித்துப் பார்த்திருக்கிறேன். மின்சாரக் கட்டண ரசீதைப் பார்த்து.

"இந்தக் கடை வேலை உங்க எழுத்துக்கு இடைஞ்சலா இல்லையா?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். கூரையில் கம்பிகளும் வளையங்களும் தொங்கின. "ஜன்னலை மூடுற தொழில்ல இருந்துக்கிட்டு உலகத்தை எப்படிம்மா பார்க்கறது? இந்த மாசத்தோட கடையை விடறேன். இனிமே எழுத்து மட்டும்தான்."

இங்கேயாவது அவள் 'ஐயோ சார், குடும்பம் என்னாகும்?' என்று கேட்டிருந்தால் அவர் கௌரவமாக இறங்கி வந்திருப்பார். அவளோ கண் கலங்கினாள். "கிரேட் சார்" என்றாள்.

"லட்சியம்?"

"ஏழு பாகத்துல ஒரு நாவல்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு அண்ணன் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டா, அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலையே?"

"என்ன சொல்லணும்?"

"கொஞ்சம் குறைச்சுக் கேட்டிருக்கலாம்ல? நான் எங்கேயோ போய் நின்னுட்டேன். இறக்கிவிட ஆள் இல்ல."

"விடுண்ணே. படிக்கிறவங்க பாதி பண்ணிப்பாங்க."

பேட்டி வெளிவந்த அன்று, எங்களுக்குக் கடனில் துணி அனுப்பும் மில்லின் ஏஜெண்ட் அப்பாவுக்குப் போன் செய்தார். பெரிய பையன் கடையை விடுகிறாராமே, வாழ்த்துகள், இனிமேல் பில் யார் பெயரில் போடட்டும் என்று கேட்டார். அப்பா பத்திரிகையை வரவழைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். வீட்டில் யார் எழுதியதையும் அவர் அதுவரை அப்படிப் படித்ததில்லை.

"பெரியவனே, இங்க வா. இது நீ சொன்னதா?"

"சொன்னதுதான்ப்பா. ஆனா அது ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குச் சொன்னா குறைக்கலாம். அச்சுல வந்துடுச்சே. இது ஒட்டின விலைடா. இதுல என்ன பேரம்? ஊருக்கே சொல்லிட்டே. நாளைக்கு நீ இங்க நின்னா, இவங்க வீட்ல சொல்றது எதுவும் நிக்காதுன்னு மில்காரன் கடன் சரக்கை நிறுத்திடுவான். சாவியை வை."

அண்ணன் சாவியைக் கல்லா மேல் வைத்தார். அப்பா அதை என் பக்கம் தள்ளினார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன், இருமினேன், தண்ணீர் குடித்தேன் என்று. தராசு நம் பக்கம் சாய்ந்திருக்கும்போது பேசுவது வியாபாரம் இல்லை. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அண்ணன் பின்னறையில் தன் புத்தகக் கட்டுகள் மேல் உட்கார்ந்து எதையும் எழுதாமல் இருந்தார். கடையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. எழுத்து கொடுப்பது பேனா வாங்கவே பற்றாது. இது அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சொன்ன விலையிலிருந்து தானாக இறங்குவது மானக்கேடு. எதிரில் ஒருவர் இறக்க வேண்டும்.

மதியம் கடை காற்றாடும் நேரத்தில் அண்ணி வந்தார். மொத்த வியாபாரிகள் வீட்டுப் பெண். பேசி முடித்த கல்யாணச் செலவையே பந்தலுக்குள் நின்று குறைத்தவர். கையில் அந்தப் பத்திரிகை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, அதைக் கல்லாவின் மேல் விரித்தார்.

"மாமா, இந்தச் சரக்கு எனக்குக் கட்டுப்படியாகல."

"நான் என்னம்மா பண்ண? உன் புருஷன் போட்ட விலை. அச்சுல வேற வந்துடுச்சு."

"சோப்பு உறையில கூடத்தான் விலை அச்சடிச்சிருக்கு. முக்குக் கடைக்காரன் குறைச்சுத்தானே தரான்?"

அந்த முக்குக் கடையில் சோப்பு விலையைக் குறைத்து வாங்குகிறவர் அப்பாதான்.

"கேட்க வந்த பொண்ணுக்கு விவரம் பத்தல. அதுக்காக வியாபாரம் முடிஞ்சுதுன்னு ஆயிடுமா? சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோனவ நான். நான் இன்னும் பேசவே இல்லையே. அவரைக் கூப்பிடுங்க." என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க எங்கேயும் போகாதீங்க. அன்னைக்கு இருமினீங்கன்னு அவர் சொன்னாரு. இன்னைக்கு அது வேண்டாம்."

அண்ணன் வந்து நின்றார். அண்ணி முதல் பதிலின் மேல் விரலை வைத்தார்.

"நாளைக்கு நாலு மணி நேரம் எழுதறீங்களா?"

"ரெண்டு."

அண்ணி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"ஒண்ணு! ஒரு மணி நேரம்!"

"அதுல பேனா தேடற நேரம்?"

"...இருபது நிமிஷம். கூட்டம் இல்லாத அன்னைக்கு."

"சரி. ஐயாயிரம் புத்தகம்?"

"முந்நூறு. முழுசாப் படிச்சது கொஞ்சம் குறைச்சலா இருக்கும்."

நான்கு மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம், ஐயாயிரத்திலிருந்து முந்நூறு. எங்கள் கடையில் அப்படி யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. அப்பா தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நல்ல பேரம் நடந்தால் அவருக்குப் பசிகூடத் தெரியாது.

"முதல் வாசகி நான். அப்படியா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"கேட்டேன். கல்யாணமான புதுசுல. புரியாதுன்னு சொன்னீங்க. இது எவ்வளவுக்கு முடியும்?"

அண்ணி அந்த வரியின் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டார். பிறகு, "இது நிலுவையில இருக்கட்டும்" என்று அடுத்த வரிக்குப் போனார். அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு அண்ணன்மேல் பரிதாபம் வரவில்லை.

"ஏழு பாகம் நாவல்?"

"ஒரு பாகம்."

"எந்திரிக்கட்டுமா?"

"நாவல் எல்லாம் இல்ல. ஒரு கதை. ரொம்ப நாளா எழுதிக்கிட்டிருக்கேன்."

"கடையை விடறது?"

அண்ணன் அண்ணியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். "விட முடியாது. விட்டா எனக்கு எழுதவே எதுவும் இருக்காது. இங்க வந்து பேசறவங்களைத்தான் எழுதறேன். வாய் ஓயாம பேசி, ஒரு ஜன்னல் அளவைக்கூடச் சரியா சொல்லத் தெரியாம போறாங்களே, அவங்களைத்தான்."

அண்ணி பத்திரிகையை மடித்தார். "மாமா, இதுதான் அடக்க விலை. இதுக்கு மேல இறங்கினா அவருக்கு முதலே தேறாது. வாங்கறதும் விடறதும் உங்க இஷ்டம்."

அப்பா கல்லாவை மூடினார், திறந்தார்.

"என்ன கதைடா அது?"

அந்தப் பத்திரிகைப் பெண் அத்தனை கேள்வி கேட்டாள். இதைக் கேட்கவில்லை.

"ஒரு துணிக்கடைக்காரர்ப்பா. கடையில யாராவது உண்மை சொன்னா அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியாது."

"எத்தனை பக்கம்?"

"அறுபது."

அப்பா நெஞ்சில் கை வைத்தார். "அறுபதா! அநியாயம் பண்றியே. அஞ்சு பக்கம்னா படிக்கிறேன்."

"அஞ்சு பக்கத்துல கடையையே திறக்க முடியாதுப்பா. நாப்பது."

"எட்டு."

"முப்பது. அதுல ஒரு கல்யாணமே வருது."

"கல்யாணத்தை எடுத்துடு. யாருக்கு வேணும்? பத்து."

"எடுத்துடறேன். இருபது."

"பன்னெண்டு. இல்லேன்னா வேற எழுத்தாளர்கிட்ட போறேன்."

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குத் தெரிந்து, தன் எழுத்தைப் பற்றிய பேச்சில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பன்னெண்டு."

"மாசக் கடைசி நாள் கடை சாத்தறதுக்குள்ள படிக்கிறேன். நீ என்னை முடிக்க வெச்சுட்டேன்னா, மில்காரன்கிட்ட நானே பேசறேன், பையன் கடையைப் பத்தித்தான் எழுதறான், அது கடை வேலைதான்னு. முடிக்கலேன்னா அச்சுல வந்ததுதான் விலை." பிறகு என்னிடம் கையை நீட்டினார். "சின்னவனே, சாவியைக் கல்லா மேல வை. அதுவரைக்கும் அது யாருதும் இல்ல."

வைத்தேன். கை கொஞ்சம் தயங்கியதை அண்ணி பார்த்துவிட்டார்.

அடுத்த நாட்களில் அண்ணன் இருபது நிமிடத்துக்கு மேலேயே எழுதினார். எழுதினார் என்பதைவிட வெட்டினார். பின்னறையில் கிழிபட்ட கல்யாணம் கூடை கூடையாக வெளியேறியது. வெட்டி மிஞ்சியதை அண்ணி வாசித்தார். ஓர் இடத்தில் முகம் சுளித்தார். அண்ணன் பக்கத்தைக் கிழிக்கவில்லை, வாதாடினார். முதல் வாசகி என்ற வகையில் அந்த நிலுவையில் ஒரு பகுதி அன்று வரவானது.

மாதத்தின் கடைசி நாள் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தார். மூன்றாம் பக்கத்தில் "இவன் சரியான கஞ்சன்டா" என்றார், துணிக்கடைக்காரரைப் பற்றி. ஐந்தாம் பக்கத்தில் ஒருமுறை அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகு நான் வருகிற வாடிக்கையாளர்களை எல்லாம் "பெரியவரையே கேளுங்க, அவர்தான் நல்ல விலை சொல்லுவார்" என்று கல்லாவுக்கு அனுப்பிவைக்கத் தொடங்கினேன். அண்ணியோ வாசலிலேயே நின்று, அவர்களைப் பாதி வழியில் மடக்கி, அடக்க விலைக்கே கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடை சாத்தும் நேரம் நெருங்குகிறது. இதுவரையிலான கணக்கு: பேசி முடித்தது பன்னிரண்டு பக்கம். அப்பா படித்தது ஏழு. சாவி கல்லா மேல். பாக்கி ஐந்து.