திரும்பி வரும் பட்டியல்

மனு கொடுத்து மூன்றாம் நாளே பதில் வந்தால் உறையைப் பிரிக்காமலேயே படித்துவிடலாம் என்பது ஜெராக்ஸ் கடைக்காரியின் அனுபவம். யோசித்து எழுதுகிறவர்களுக்கு மூன்று நாள் போதாது. பிரித்துப் பார்த்தபோது அவள் நினைத்தபடிதான் இருந்தது.

"வழக்கமாகப் பயணம் செய்வோர் ஒவ்வொரு நடைக்கும் முப்பத்தைந்து பேர் இருத்தல் வேண்டும். தங்கள் சங்கத்தின் ஒன்பது பேருக்காகப் பதினான்காம் எண் அதிகாலைப் பேருந்தை இயக்குவது இயலாது. ஒன்றாம் தேதி முதல் அது நிறுத்தப்படும்." கீழே போக்குவரத்துக் கிளை மேலாளரின் கையெழுத்து.

அவள் டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பச் சங்கத்துக்குச் செயலாளர். கடையில் மெஷின் இருக்கிறது, கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கிறது என்று சொல்லி அந்தப் பதவியை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் அவள் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் ஆறே முக்காலுக்கு மெஷின். ஐந்து நாற்பதுக்குத் தெருமுனையில் கிளம்பும் பதினான்கை விட்டால் அடுத்த வண்டி ஏழேகாலுக்கு. இரண்டு முறை தாமதமாகப் போனால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் இருபத்தொரு பேர் இருந்தார்கள்.

"என்ன சொல்லியிருக்கான்?" என்றார் புருஷன். லாரி ஓட்டிய மனிதர். இப்போது கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் கட்டுப் பிரித்துக் கொடுப்பதுதான் வேலை.

"முடியாதாம்."

"அதுக்கு ஒரு பக்கம் டைப் அடிச்சிருக்கானா? நான் ஹாரன்லயே சொல்லிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வைக்கப் பார்க்கிறார் என்றால் அவருக்கும் பயம்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். நர்ஸுகள் சங்கத்துக்கு வந்த பதிலாம், பத்து நகல் வேண்டுமாம். கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. "தங்கள் சங்கத்தின் எட்டு பேருக்காக..." மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து அதே கடிதம். சாயங்காலம் துப்புரவுத் தொழிலாளர் சங்கத் தலைவி வந்தாள். அவளுடையதில் பத்து பேர். கடைக்காரி மெஷின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, மெஷின் கெட்டுப்போச்சா?"

"மெஷின் நல்லா ஓடுது. எனக்குத்தான் இத்தனை நாள் மூளை ஓடல. உன் பத்து பேரும் எந்த வண்டியில போறாங்க?"

"பதினாலுலதான்."

"என் ஒன்பது பேரும் அதுலதான். நர்ஸுங்க எட்டு பேரும் அதுலதான். ஒரே வண்டியில பக்கத்துப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து போறோம். மனுவை மட்டும் ஆளுக்கொரு மூலையில நின்னு கொடுத்திருக்கோம்."

காய்கறிச் சில்லறை வியாபாரிகள் சங்கத்துக்கும் அதே பதில் வந்திருப்பதைத் தலைவி சொன்னாள். அதில் பன்னிரண்டு பேர். எல்லாம் சேர்ந்தால் முப்பத்தொன்பது. கடைக்காரி அன்றே நான்கு சங்கங்களின் பெயரையும் மேலே வரிசையாகப் போட்டு, புதன்கிழமை கூடிப் பேசலாம், வெள்ளிக்கிழமை மேலாளரை ஒன்றாகப் பார்க்கலாம் என்று அழைப்புக் கடிதம் எழுதினாள். மேலாளரிடம் நேரமும் வாங்கிவிட்டாள்.

புதன்கிழமை நர்ஸ் குடியிருப்புக் கூடத்தில் நாலு வரிசை நாற்காலி போட்டிருந்தது. மூன்று வரிசைதான் நிரம்பியது. வியாபாரிகள் ஒருத்தரும் வரவில்லை.

"தராசு அண்ணனுக்குக் கோபம்க்கா" என்றாள் தலைவி. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் நாலு முறை எடை போடுவதால் வியாபாரிகள் சங்கத் தலைவருக்கு அந்தப் பெயர். "கடிதத்துல அவங்க சங்கத்தைக் கடைசியில போட்டிருக்கீங்களாம். உங்க சங்கத்தை நீங்களே முதல்ல போட்டுக்கிட்டீங்களாம். மார்க்கெட் பூரா காட்டிக்கிட்டு இருக்கார்."

கடைக்காரி யாரையும் மேலே தூக்கவும் இல்லை, கீழே தள்ளவும் இல்லை. பேருந்து நிற்கும் வரிசையில் எழுதியிருந்தாள், அவ்வளவுதான். முதல் நிறுத்தம் அவள் தெரு, அப்புறம் நர்ஸ் குடியிருப்பு, துப்புரவுக் குடியிருப்பு, ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் மார்க்கெட். சாமான் பட்டியல் எழுதினால்கூடக் கடைகள் இருக்கும் வரிசையில் எழுதுகிறவள் அவள். பன்னிரண்டு பேர் போனால் மிச்சம் இருபத்தேழு. இருபத்தேழை வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் காலை வைக்கவே முடியாது.

மறுநாள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் புருஷனைக் கூட வந்த நர்ஸிடம் ஒப்படைத்து இறக்கிவிட்டு, அதே வண்டியிலேயே மார்க்கெட்டுக்குப் போனாள். தராசு அண்ணன் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்று சணல் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணே, நான் தப்பா எதுவும்..."

"நான் ஒண்ணும் கேக்கலையேம்மா."

"கேக்காமத்தான் மார்க்கெட் பூரா சொல்லியிருக்கீங்க."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "இருபத்திரண்டு வருஷமா தலைவரா இருக்கேன். எங்க சங்கம் உங்களுக்குக் கடைசி. நேத்து ஆரம்பிச்ச உங்க சங்கம் முதல்."

அவள் கடிதத்தைத் திருப்பி, அதன் பின்புறத்திலேயே பேருந்து நிறுத்தங்களை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினாள். தெருமுனை. நர்ஸ் குடியிருப்பு. துப்புரவுக் குடியிருப்பு. ஆஸ்பத்திரி. மார்க்கெட். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மேலிருந்து கீழ் வரை படித்தார். பிறகு முன்பக்கத்தைத் திருப்பி ஒத்துப் பார்த்தார். மறுபடி பின்பக்கம்.

"இதை முதல்லயே ஒரு வரி எழுதியிருந்தா என்னம்மா?"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேண்ணே."

"உங்க மனசுல ஓடுற பஸ் எங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் குரலில் பாதிக் கனம் இறங்கியிருந்தது. முழுதாக இறங்க அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. "ஏழே முக்காலுக்கு இதே வண்டி திரும்புதுல்ல? சரக்கோட நாங்க அதுலதான் போறோம். அப்போ முதல் நிறுத்தம் எது?"

"உங்க மார்க்கெட்தான்."

"அப்போ திரும்பி வர்றவங்களுக்கும் ஒரு பட்டியல் போடுங்க. அதுல எங்க சங்கம் முதல்ல. நான் முதல் கையெழுத்து. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் வந்து நிப்போம்."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. மனுஷனுக்கு ஒரு மரியாதை, ஒரு காகிதம்தானே என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒப்புக்கொண்டதை ஏனோதானோவென்று செய்ய அவளுக்கு வராது. திரும்பி வரும் வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று நர்ஸிடமும் தலைவியிடமும் கேட்டாள்.

"நைட் டியூட்டி முடிஞ்சவங்க வருவாங்க. அவங்க பேர் எதுக்குக்கா இப்போ?" என்றாள் நர்ஸ்.

"தராசு அண்ணன் ஒரு பட்டியல்லயாவது முதல்ல நிக்கணும். அவருக்குக் கீழ எழுத ஆள் வேணும்ல?"

நர்ஸ் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் பெயர்களைச் சொன்னாள். கடைக்காரி கட்டம் போட்டு, பெயர், ஏறும் இடம், இறங்கும் இடம், மாதாந்திரப் பாஸ் எண் என்று எல்லாவற்றையும் நிரப்பினாள். வெள்ளிக்கிழமை மதியம் வரை கையெழுத்து வாங்கினாள்.

மேலாளர் அறையில் நாலு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் நடைபாதையில் நின்றார்கள். மேலாளர் முதல் பட்டியலைப் படித்தார். முப்பத்தொன்பது.

"போறதுக்குச் சரி" என்றார். "வர்றதுக்கு? ஒவ்வொரு நடைக்கும்னுதானே எழுதியிருக்கேன். திரும்பும்போது வண்டி காலி. டிக்கெட் பார்த்தா ஆறு, எட்டு, அவ்வளவுதான். காலி வண்டியை நான் எப்படி ஓட்டுறது?"

கடைக்காரி அவருடைய பழைய பதிலை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நடைக்கும். அந்த வரியை எத்தனையோ நகல் எடுத்திருக்கிறாள், ஒரு தடவைகூட நின்று படிக்கவில்லை. பக்கத்தில் தராசு அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, அந்த இன்னொரு காகிதம்" என்றார் மெதுவாக. "நான் முதல்ல இருக்கிறது."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். மேலாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். வியாபாரிகள் பன்னிரண்டு. இரவுப் பணி நர்ஸுகள் ஒன்பது. இரவுத் துப்புரவுத் தொழிலாளர்கள் பதினொன்று. இரவு முழுக்க மெஷினில் இருந்துவிட்டு வீடு திரும்பும் நோயாளிகள் நாலு. மொத்தம் முப்பத்தாறு.

"இவங்கல்லாம் டிக்கெட் கணக்குல வரலையே."

"நாங்க யாரு சார் டிக்கெட் எடுக்கிறோம்?" என்றாள் நர்ஸ். "எல்லாருக்கும் பாஸ். கண்டக்டர் மூஞ்சியைப் பார்த்தே தலையாட்டிடுவார்."

"எங்க ஆளுங்க பாஸைக் காட்டக் கையை எடுத்தா கம்பியிலிருந்து விழுந்துடுவாங்க சார், அவ்வளவு நெரிசல்" என்றாள் தலைவி.

மேலாளர் பாஸ் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறு எண்களை எடுத்து ஒத்துப் பார்த்தார். ஆறும் சரியாக இருந்தன. ஏழாவதைப் பார்க்கப் போனவர் பதிவேட்டை மூடிவிட்டார். "இவ்வளவு ஒழுங்கா எழுதினவங்க ஏழாவதைத் தப்பா எழுதமாட்டீங்க" என்று சொல்லி, பதினான்காம் எண் வண்டி தொடரும் என்று மனுவின் ஓரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து வாசல் கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதிர்ப்புற டீக்கடையில் பெஞ்ச் போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டே குடித்தார்கள். கடைக்காரி பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போனது.

"அண்ணே, நீங்க கோவிச்சுக்கலைன்னா இன்னிக்கு நாம தோத்திருப்போம்" என்றாள்.

தராசு அண்ணன் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தார். "நான் எப்பவும் பொதுக் காரியத்துக்காகத்தான்மா கோவிச்சுக்குவேன்."

"அடுத்தது ஆஸ்பத்திரி ஸ்டாப்ல நிழல்குடை" என்றாள் நர்ஸ். "மாசம் ஒரு தடவை கூடிடலாம்."

"கூட்டம் எங்கெங்க நடக்கணும்னு வரிசை நான் போடல" என்றாள் கடைக்காரி. "சீட்டுக் குலுக்கிப் போடுவோம்."

வீட்டுக்குப் போன் போட்டாள். புருஷன் எடுத்ததும் "ஓடுது" என்றாள். அந்தப் பக்கம் லாரிக்காரர் வாயாலேயே நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.

சனிக்கிழமை ஐந்து நாற்பதுக்கு வண்டி கிளம்பியது. வழக்கமாக அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்குவார், அவள் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டு வருவாள். அன்று நர்ஸ் குடியிருப்பு வரைதான் எண்ணியது நினைவிருந்தது. யாரோ அவள் கையில் தட்டினார்கள்.

"செயலாளரம்மா, ஆஸ்பத்திரி வந்தாச்சு" என்றார் அவர். "எழுந்திருங்க. என் தோள் மரத்துப்போச்சு."